மர நிழலில் ஒரு பழைய வீடு: கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சில வருடங்களாக உங்கள் தளத்தைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

நானும் என் மனைவியும் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். நகர மையத்திலிருந்து நடந்தால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு பழைய குடியிருப்புப் பகுதியில் ஒன்று அமைந்திருக்கிறது. தெருவின் இருபுறமும் பெரிய மரங்கள். வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். மனைவிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பாவோ, "பழைய வீடு பணத்தை விழுங்கும் கிணறு" என்கிறார். நண்பர் ஒருவர், பழமைக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்கள் என்று பயமுறுத்துகிறார். அதே விலைக்கு நகரத்துக்கு வெளியே இரண்டு மடங்கு பெரிய புது வீடு கிடைக்கிறது.

நீங்கள் அப்படிப்பட்ட ஒரு பகுதியில் பல வருடம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் விட்டு வந்தீர்கள்? நாங்கள் போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

ஏன் விட்டு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் எளிது. நான் அங்கே இருந்தது வாடகைக்கு. ஒன்பது வருடம். வீட்டுக்காரர் காலமானதும் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். அதே தெருவில் வேறு வீடு தேடினேன். ஒன்பது வருடத்தில் வாடகை என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. கிளம்பிவிட்டேன். பிடிக்காமல் வந்தவன் இல்லை நான். ஆகவே என் பதிலில் கொஞ்சம் ஏக்கம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

நடந்தால் அரை மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை மணிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சேசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் எழுதிய கட்டுரையில், எந்தக் காலத்திலும் மனிதர்கள் போக வரச் செலவழிக்கும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது என்று வாதிட்டார். போக அரை மணி, வர அரை மணி. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் அது இரண்டரை கிலோமீட்டர். கால்நடையாகப் போன காலத்து நகரங்கள் ஏறத்தாழ அந்த வட்டத்துக்குள் அடங்கின. படகும் ரயிலும் டிராமும் வந்தபோது, அதே அரை மணியில் இன்னும் தொலைவுக்குப் போக முடிந்தது. புறநகர்கள் அங்கே முளைத்தன. 1814இல் நீராவிப் படகு ஓடத் தொடங்கியதும் நியூயார்க்கின் ஆற்றுக்கு அக்கரையில் புரூக்ளின் ஹைட்ஸ் வளர்ந்தது அப்படித்தான். லண்டனுக்கு மேற்கே டர்ன்ஹாம் கிரீன் ரயில் நிலையத்தை ஒட்டி ஜொனாதன் கார் என்பவர் 1875இல் பெட்ஃபோர்ட் பார்க்கைத் தொடங்கியதும் அப்படித்தான். ஏற்கெனவே அங்கே நின்ற மரங்களை வெட்டாமல் அவற்றுக்கு ஏற்பத் தெருக்களை வளைத்தார்கள். இன்று அங்கே போகிறவர் கண்டு மயங்கும் அந்த வளைவும் நிழலும், அந்தக் காலத்தில் வீடு விற்பதற்கான கவர்ச்சிகளும்தான்.

ஆக, நீங்கள் பார்த்த அந்தப் பழம்பெரும் பகுதியும் ஒரு காலத்தில் புது லே-அவுட். சுவரில் சாந்து காயாமல், நட்ட கன்று முழங்கால் உயரத்தில் நின்றிருக்கும். அன்றைக்கும் யாரோ ஒருவருடைய அப்பா, "அந்த அத்துவானத்தில் போயா வீடு வாங்குவாய்?" என்று கேட்டிருப்பார்.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை.

நான் குடிபோன முதல் வருடம், சமையலறைக் கழிவுநீர்க் குழாய் மாதம் ஒருமுறை அடைத்துக்கொண்டது. குச்சி விட்டுக் குத்தினால் நான்கு வாரம் ஓடும், திரும்ப அடைக்கும். கடைசியில் ஒரு பிளம்பர் முற்றத்தைத் தோண்டினார். பழைய மண்குழாய். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் விரிசல், அதன் வழியாக ஒரு வேர் நுழைந்து உள்ளேயே பெருகியிருந்தது. அவர் அதை இழுத்தபோது, பின்னி முடிக்காத சடைபோல ஒரு கை நீளத்துக்கு வந்தது. நான் மரத்தைத் திட்டினேன். அவர் சிரித்தார். நல்ல குழாயை வேர் உடைக்காது, ஏற்கெனவே கசியும் குழாயைத் தேடித்தான் வரும் என்றார். பிறகு படித்தபோது அதுதான் சரி என்று தெரிந்தது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் சுமார் அறுபது செண்டிமீட்டருக்குள்தான் கிடக்கிறது, ஆனால் பக்கவாட்டில் கிளைகளின் விரிவையும் தாண்டி வெகுதூரம் போகும். ஈரம் எங்கே கசிகிறதோ அங்கே போகும். எனவே வீட்டைப் பார்க்கப் போகும்போது மரம் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் அளக்காதீர்கள். குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் களிமண் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. வறட்சியில் மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, களிமண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல ஏறும் விரிசல் இருந்தால் பொறியாளரைக் கூப்பிடாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இரண்டாவது பாடம் சிமெண்ட். நூறு வயது வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். என் வீட்டுக்காரர் ஒரு வருடம் கீழ்ச்சுவர் நசநசப்பாக இருக்கிறதென்று கொத்தனாரை அழைத்தார். வந்தவர் இடுப்பளவுக்குக் கெட்டியான சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். பளபளவென்று இருந்தது. இரண்டு மழை தாங்கியது. வெளியேற வழியில்லாத ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி, இடுப்புயரத்தில் இருந்தது தோளுயரத்துக்கு வந்துவிட்டது. செங்கலின் முகம் அப்பளம்போல உரிந்தது. பூசியதைவிடப் பெயர்த்து எடுக்கத்தான் அதிகம் செலவானது. பழைய வீடு பணத்தை விழுங்குவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கை விழுங்குவது, பழைய வீட்டைப் புது வீடாக நினைத்துச் செய்யும் பழுதுபார்ப்பு. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஓர் ஆள் கிடைப்பாரா என்று விலை பேசுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

நண்பர் சொன்ன ஆணி விவகாரம் மிகை. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாகத் தெருவிலிருந்து தெரிகிற முகப்பு, கூரை, ஜன்னல், மரங்கள் இவற்றில்தான் கெடுபிடி. வீட்டையே தனியாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருந்தால் உள்ளேயும் கை வைக்க அனுமதி தேவைப்படலாம். வாய்வார்த்தையை நம்பாமல் விதியை எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள். எனக்கும் அந்த விதிகள் மேல் எரிச்சல் வந்ததுண்டு, ஒரு ஜன்னல் கதவை மாற்ற நாங்கள் நான்கு மாதம் காத்திருந்தோம். ஆனால் உங்கள் கையைக் கட்டும் அதே விதிதான் பக்கத்து மனையில் பத்து மாடி எழும்பாமல் தடுக்கிறது. பெட்ஃபோர்ட் பார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் அங்கே வீடுகள் இடிபடத் தொடங்கியபோது குடியிருந்தவர்கள் 1963இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1967இல் 356 வீடுகள் ஒரேயடியாகப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. அந்த நான்கு வருடம் சும்மா இருந்திருந்தால் இன்று அந்தப் பெயரை நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதற்கு ஒரு கசப்பான மறுபக்கமும் இருக்கிறது. ஹென்ரியெட்டா பார்னெட் என்ற சமூகச் சீர்திருத்தவாதி லண்டனில் 1907இல் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்பை உருவாக்கியபோது, எல்லா வருமானக்காரர்களும் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது திட்டம். ஏக்கருக்குச் சராசரியாக எட்டு வீடுகள்தான், மதில்களுக்குப் பதில் வேலிச்செடிகள், அகலமான தெருக்கள். எல்லாம் நடந்தது, அந்த முதல் ஆசையைத் தவிர. இன்று லண்டனின் விலை உயர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அழகான இடத்தைக் காப்பாற்றிவிடுகிறார்கள், அங்கே யார் குடியிருக்கலாம் என்பதைச் சந்தை முடிவு செய்துவிடுகிறது. நான் வெளியேறிய கதையும் அதில் அடக்கம். நீங்கள் வாங்குகிற பக்கம் இருக்கிறீர்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம், தெரிந்து வைத்திருங்கள், போதும்.

தூரத்தில் கிடைக்கும் பெரிய வீட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எங்கே வேலை என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். மரங்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய மரங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவை யாரோ எப்போதோ செய்த வேலை. மர வரிசையில் உள்ள இடைவெளிகளைப் பாருங்கள். எந்தத் தெருவிலும் சில மரங்கள் விழுந்திருக்கும். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் ஒரு பெரிய மரம் காற்றில் சாய்ந்தது. அடுத்த வாரமே அந்த இடத்தில் ஒரு கார் நின்றது. கன்று வைக்க வேண்டும் என்று நாலைந்து பேர் சொன்னோம். நிழல் போய்விட்டதே என்று அதிகம் புலம்பியவரே, நிறுத்த இடம் கிடைத்ததை விட மனமில்லாமல் எதிர்த்தார். இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் கன்று வந்தது, நான் காலி செய்வதற்கு மூன்று மாதம் முன்னால்.

அப்படியே எத்தனை வகை மரங்கள் என்றும் எண்ணுங்கள். தெரு முழுக்க ஒரே இனம் என்றால் பார்க்கக் கோயில் தூண்களைப்போல அழகாகத்தான் இருக்கும். ஒரு நோய் வந்தால் மொத்தமாகப் போய்விடும். வட அமெரிக்கத் தெருக்களில் வரிசை வரிசையாக நின்ற எல்ம் மரங்களை டச்சு எல்ம் நோய் அப்படித்தான் துடைத்தெடுத்தது. ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்கத் தாவர ஆய்வாளர் 1990இல் ஒரு கணக்குச் சொன்னார்: நகர மரங்களில் ஒரே சிற்றினம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது, ஒரே பேரினம் இருபதை, ஒரே குடும்பம் முப்பதை. பழைய பகுதிகளில் இந்தக் கணக்கு சரியாக வருவது அபூர்வம். ஆனால் புதிதாக வைத்திருக்கும் கன்றுகள் வேறு இனங்களாக இருந்தால், அங்கே யாரோ யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட தெரு என்றால் நான் போவேன். இடைவெளிகள் எல்லாவற்றிலும் கார்தான் நிற்கிறது என்றால், இன்னும் இருபது முப்பது வருடத்தில் உங்களிடம் ஒரு பழைய வீடு மட்டும் மிஞ்சும்.

வீட்டை இன்னும் இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஒரு முறை வேலைநாளில் காலை எட்டு மணிக்கு, நகரத்துக்குப் போகிற வண்டிகள் அந்தத் தெருவைக் குறுக்குவழியாக்குகின்றனவா என்று தெரியும். இன்னொரு முறை நல்ல மழைக்கு மறுநாள். அப்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுவரைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.