மறு: இண்டியானா ஜோன்ஸ் படங்களில் வரும் அந்த நீர்மூழ்கி கேப்டனும் ஹிட்லரும் ஒரே நடிகரா?

ஆமாம், ஒரே ஆள்தான்: மைக்கேல் ஷியர்ட். 1981 ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’கில் ஜெர்மன் நீர்மூழ்கி கேப்டன், 1989 ‘லாஸ்ட் குருசேட்’டில் கூட்டத்துக்கு நடுவே இண்டியானா ஜோன்ஸ் கையிலிருக்கும் டைரியில் கையெழுத்துப் போடும் ஹிட்லர்.

முதல் படத்தின் பெயர்ப் பட்டியலில் தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அதில் அவருக்குப் பெயரே போடவில்லை. துண்டு வேடக்காரர்களுக்கு இது சகஜம்.

சந்தேகமிருந்தால் 1980 ‘ஸ்டார் வார்ஸ்’ படமான ‘எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கில் வில்லன் டார்த் வேடர் திரை வழியாகவே கழுத்தை நெரிக்கும் அட்மிரல் ஓசல் முகத்தைப் பாருங்கள். அதுவும் இவரே. பிரிட்டிஷ்காரர்களிடம் கேட்டால், ‘கிரேஞ்ச் ஹில்’ என்ற பள்ளிக்கூடத் தொலைக்காட்சித் தொடரின் கடுகடு பிரான்சன் வாத்தியார் என்பார்கள்!

அப்புறம், ஷியர்ட் என்பது நடிப்புக்கு வைத்துக்கொண்ட பெயர். 1938இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தபோது அவர் பெர்கின்ஸ். பழைய பதிவுகளில் தேடும்போது இதை மறக்காதீர்கள்.