சூளையில் காய்ந்த பலகை அறுக்கும்போது ரம்பத்தைக் கவ்வுவது ஏன்?

ஈரமானி 8 சதவீதம் காட்டியும், தடிப்பில் இரண்டாக அறுக்கும்போது பாதிகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து ரம்பத்தைக் கவ்வுவதற்குக் காரணம் ஈரம் அல்ல, மரத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம். ஆகவே அதே பலகைகளை மேலும் காயவைப்பதால் பயனில்லை.

தொடக்கத்திலேயே சூளைக் காற்று மிகவும் வறண்டிருக்கக்கூடும். அப்போது மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்க முயல, ஈரமான நடுப்பகுதி அதைத் தடுக்க, மேற்புறம் இழுபட்ட நிலையிலேயே இறுகிவிடுகிறது. பின்னர் நடுப்பகுதி காய்ந்து சுருங்கும்போது இழுவிசை உள்ளே இடம் மாறிவிடுகிறது.

இதை உறுதிசெய்ய, பலகை முனையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி, குறுக்கே 2 செ.மீ. அகலத் துண்டொன்றை வெட்டி, அதன் நடுவை நீக்கி, இரு கவர்கள் (கவண் போல ஒரு முனையில் இணைந்த கிளைகள்) மட்டும் நிற்கும்படி செய்யுங்கள். கவர்கள் உடனே உள்நோக்கி மடங்கினால் இறுக்கமே காரணம். முதலில் நேராக நின்று மறுநாள் வளைந்தால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை, தயவுசெய்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தீர்வு, சூட்டைக் குறைக்காமல் நீராவியோ நுண்ணிய நீர்த்தூவலோ செலுத்தி, மேற்புறம் சற்றே ஈரம் ஏற்கச் செய்வதுதான். வன்மரத்துக்குச் சூளையின் சமநிலை ஈரத்தை, அதாவது அந்தக் காற்றில் மரம் கடைசியில் எட்டி நிற்கும் ஈர அளவை, பலகைக்கான இலக்கு ஈரத்தைவிட ஏறக்குறைய 4 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய கவர்த்துண்டு வெட்டிப் பாருங்கள். கவர்கள் நேரானதும் நிறுத்திவிட வேண்டும், மிகுந்தால் வெளிநோக்கி வளையும்.

வெட்டிய முகத்தில் தேன்கூடு போன்ற உள்வெடிப்புகள் தெரிந்தால், அந்தப் பலகையை எந்த நீராவியும் மீட்காது.