சாப்ட்வேர் வாங்கும் முன் சரக்குக் கணக்கு: மதுரை வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையில் இன்று கியூஆர் அட்டை இல்லாத கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதே கடைகளில் கடன் பாக்கி இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. சரக்கு இருப்பு முதலாளியின் ஞாபகத்தில் இருக்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைப் பற்றியவை.

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். அப்பா காலத்திலிருந்து பேரேடுதான். மகன் பில்லிங் சாப்ட்வேர் போடச் சொல்கிறான். நாங்கள் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். அதிகம் ஓடும் 20 சரக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எது எத்தனை மூட்டை இருக்கிறது என்று நீங்கள், மகன், குடோன் ஆள் மூன்று பேரும் தனித்தனியாக எழுதுங்கள். அப்புறம் குடோனுக்குப் போய் எண்ணுங்கள். மூன்று சீட்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் தாராளமாகத் தொடங்கலாம். ஆளுக்கொரு கணக்கு வந்தால், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். குழப்பமான இருப்பைக் கணினியில் ஏற்றினால் தப்பான கணக்கு அழகாக அச்சடித்து வரும், அவ்வளவுதான்.

மொத்தக் கடைகளில் தொல்லை சரக்கின் பெயரிலேயே தொடங்குகிறது. பேரேட்டில் துவரம் பருப்பு 'து.ப. நயம்' என்று இருக்கும். குடோனில் அது வந்த ஊரைச் சொல்வார்கள். வாங்கிய பில்லில் மில்லின் பெயர் இருக்கும். கணினியில் இது மூன்று சரக்காக ஏறிவிடும். ஆகவே ஒரு சரக்குக்கு ஒரு பெயர், ஒரு அளவு (30 கிலோ மூட்டையா, 50 கிலோ மூட்டையா), ஒரு ஜிஎஸ்டி விகிதம் என்று பட்டியல் போடுங்கள். இந்தப் பட்டியலைச் சாப்ட்வேர் விற்பவரிடம் விடாதீர்கள். உங்கள் சரக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

தொடங்க நல்ல நாள் ஏப்ரல் 1. நிதியாண்டு அன்று பிறக்கிறது, இருப்பும் எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும். முதலில் விற்பனை பில்லும் இருப்பும் மட்டும் போதும். கடன் பாக்கியை அடுத்த கட்டத்தில் ஏற்றலாம். ஒரு மாதம் பேரேடும் கூடவே ஓடட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சரக்கு வெளியே போகும்போதே பில் போட வேண்டும். பகலெல்லாம் துண்டுச் சீட்டு, ராத்திரி உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளலாம் என்கிற பழக்கத்தால்தான் நிறையக் கடைகளில் சாப்ட்வேர் பாதியில் நின்றுபோகிறது. பண்டிகைக் கூட்டத்தில் ஒருநாள் விட்டுப்போனால் இருப்பு தப்பும். தப்பிய இருப்பை யாரும் நம்ப மாட்டார்கள். திரும்ப நோட்டுக்கே போய்விடுவார்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நாளைக்கு வேறு சாப்ட்வேருக்கு மாறினால் என் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? பழுதென்றால் உள்ளூரில் வந்து பார்க்க ஆள் உண்டா? இரண்டுக்கும் நேரடியான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

மாட்டுத்தாவணி அருகே டீக்கடை. யூபிஐயில் பணம் வாங்கினால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும் என்கிறார்கள். கியூஆர் அட்டையை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவுகளை வைத்துச் சிறுகடைகள் பலவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் அட்டையைக் கழற்றி 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டின.

ஆனால் சட்டம் பார்ப்பது ஆண்டு மொத்த விற்பனையை. ரொக்கமா யூபிஐயா என்ற பேதம் அதில் இல்லை. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு 40 லட்சம் ரூபாய், சேவைக்கு 20 லட்சம். உட்கார வைத்து டீயும் பலகாரமும் கொடுப்பது சேவைக் கணக்கில் வரும் என்பதால் உங்களுக்கு 20 லட்சம்தான் எல்லை. தாண்டினால் பதிவு செய்துகொண்டு, சிறிய உணவகங்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் விற்பனையில் 5 சதவீதம் கட்டி நிம்மதியாக இருக்கலாம். பூ, காய்கறி போல வரிவிலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவருக்குப் பதிவே தேவையில்லை.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மச்சான் திருப்பித் தந்த கைமாற்று, மகளின் கல்விக் கடன், சீட்டுப் பணம் எல்லாம் கடை கியூஆர் கணக்கிலேயே விழுந்தால், எது விற்பனை, எது வீட்டுப் பணம் என்று பின்னால் நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

கப்பலூரில் சிறிய லேத் பட்டறை. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து தருகிறோம். இ-இன்வாய்ஸ் கேட்கிறார்கள். பணம் மட்டும் மூன்று மாதம் ஆகிறது.

இ-இன்வாய்ஸ் (அரசின் ஜிஎஸ்டி தளத்தில் பதிந்து எண் பெறும் பில்) 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்குக் கட்டாயம். 2017-18 முதல் ஏதாவது ஒரு ஆண்டில் தாண்டியிருந்தாலும் போதும். நீங்கள் அதற்குக் கீழே என்றால் கட்டாயம் இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு ஆதங்கம் பணம் வர மூன்று மாதம் ஆகிறது என்று நீங்கள் சொன்னதில்தான். டிஜிட்டல் என்றால் பெரிய கம்பெனி கேட்கும் படிவங்களை நிரப்புவது என்று நம் பட்டறைக்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். பணத்தைக் கேட்டு வாங்கவும் அதே வசதி இருக்கிறது. உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் ஏஜென்ட் வேண்டாம். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

2006ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதில் சேர்ந்துகொண்டது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, வாங்கிய கம்பெனி உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் அவர்களின் ஆடிட்டரே உங்களைத் தேடுவார்.

வாடிக்கையை இழக்கப் பயந்து புகார் கொடுக்கத் தயங்குவீர்கள், புரிகிறது. அப்படியென்றால் டிரெட்ஸ் தளத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் பில்லை அந்தக் கம்பெனி அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டுப் பணத்தை முன்கூட்டியே தரும். வட்டி கழியும். ஆனால் கம்பெனி பின்னால் கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்ப வராது. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தே ஆக வேண்டும்.

சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்க ஆசை. சொந்த இணையதளம் தொடங்கலாமா?

இப்போது வேண்டாம். வாட்ஸ்ஆப் பிசினஸ் கேட்டலாக்கில் தொடங்குங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலை ஒன்றைப் போல் இன்னொன்று வராது. ஆகவே ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு படம், விற்றதும் படத்தை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஒரே சேலைக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்கிவிடுவீர்கள்.

படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முடிச்சுச் சுங்குடியா, மெழுகு அச்சா, ஸ்கிரீன் பிரிண்டா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற கைவினை மரபின் பெயரில் அச்சுச் சேலையை விற்பது உண்மையாக முடிச்சுப் போடும் பெண்களின் கூலியைத்தான் தின்கிறது. முதல் அலசலில் சாயம் போகுமா என்பதையும் எழுதிவிட்டால் திரும்பி வரும் பார்சல் குறையும்.

கணக்கு முழுவதும் ஒரே கணினியில் இருக்கிறது. பத்திரமா?

இல்லை. தினமும் ஒரு பிரதி கிளவுடில், வாரம் ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில். நகல் எடுத்ததும் அந்த டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். இணைய மோசடியில் பணம் களவு போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

எங்கள் கணக்குப்பிள்ளைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணினி என்றாலே ஒதுங்குகிறார். அவரை நிறுத்திவிட்டு ஒரு பட்டதாரிப் பையனைப் போடலாமா?

பையனைப் போடுங்கள், ஐயாவை நிறுத்தாதீர்கள். உசிலம்பட்டிக் கடைக்காரர் அறுவடை முடிந்தால்தான் பாக்கி கட்டுவார், மேலூர்க்காரருக்கு எவ்வளவு வரை கடன் தரலாம் என்பதெல்லாம் எந்தச் சாப்ட்வேரிலும் வராது, அவரிடம்தான் இருக்கிறது. பையன் பதியட்டும், தினமும் மாலையில் அச்சடித்த அன்றாடக் கணக்கை ஐயா பேனாவோடு சரிபார்க்கட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடன் வரம்பையும் கெடுவையும் அவரைச் சொல்லச் சொல்லிப் பையன் கணினியில் ஏற்றட்டும். அவர் பெயரில் தனி லாகின் கொடுத்து, அவர் ஒப்புதல் இல்லாமல் கடன் பில் போகாதபடி அமைத்துவிடுங்கள்.