கவுண்டாவும் லுசாகா நடனமும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஜாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டா மறைந்தபோது தாங்கள் எழுதிய அஞ்சலிக் குறிப்பை அண்மையில்தான் வாசித்தேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதி விடுதலைக்காகத் தன் நாட்டின் நலனையே பணயம் வைத்தவர் என்று அவரைப் புகழ்ந்திருந்தீர்கள். நான் முதுகலை வரலாறு படிக்கும் மாணவன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவுண்டா 1975-இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பிரதமர் வோர்ஸ்டருடன் கைகுலுக்கினார். 1978-இல் ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) எல்லையைத் திறந்துவிட்டார். 1979-இல் தன் தலைநகர் லுசாகாவில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருடன் நடனமாடினார். அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. இப்படிப்பட்ட அண்டை நாட்டுத் தலைவர்கள் நெருக்கியதால்தானே லண்டனின் லங்காஸ்டர் மாளிகையில் ரொடீசியக் கெரில்லா இயக்கத் தலைவர்களான முகாபேயும் நிகோமோவும் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார்கள்? போர் இன்னும் ஓராண்டு நீடித்திருந்தால் முழு வெற்றி கிடைத்திருக்கும்.

அந்த ஒப்பந்தத்தில் நிலம் ஏன் விடுபட்டது, பொருளாதாரத் தடைகளால் பயன் இருந்ததா, இந்தியாவின் பங்கு என்ன என்பவற்றைத் தாங்கள் விளக்க வேண்டும். பேச்சுவார்த்தை என்பதே ஒடுக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது, கேள்வியாக இல்லாமல் போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரி. 'போர் இன்னும் ஓராண்டு நீடித்திருந்தால்' என்கிறீர்கள். இந்த 'ஓராண்டு' சில காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கோ நடக்கும் போர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் வாழ்நாளிலிருந்து இப்படித்தான் தாராளமாக எடுத்து வழங்குகிறார்கள். நீங்கள் ஊன்றிப் படிக்கிறவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் கோபமும் வருகிறது.

இந்தியாவின் பங்கைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அந்த ஒப்பந்தத்தின்படி நடந்த 1980 தேர்தலைப் பார்வையிட்ட காமன்வெல்த் குழுவுக்கு இந்தியரான ராஜேஷ்வர் தயாள் தலைமை வகித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், போதும். தடைகளைப் பொறுத்தவரை, ஐ.நா. பாதுகாப்பு அவை ரொடீசியா மீது 1966 டிசம்பரிலும் 1968 மே மாதத்திலும் கட்டாயத் தடைகளை விதித்தது. பிரிட்டிஷ் கடற்படை மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கு வெளியே எண்ணெய்க் கப்பல்களை மறித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் எண்ணெய் வேறு வழியாக ரொடீசியாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை 1978-இல் வெளியான பிங்ஹாம் அறிக்கை அம்பலப்படுத்தியது. அமெரிக்கா 1971-இல் தனியாக ஒரு சட்டத் திருத்தமே கொண்டுவந்து ரொடீசியக் குரோமியத்தை வாங்கியது. தடைகளின் சுமை ரொடீசியாவை ஆண்ட இயன் ஸ்மித்தைவிடக் கவுண்டாவின் தலையில்தான் அதிகமாக இறங்கியது. நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

ஜாம்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. 1964 அக்டோபரில் அது விடுதலை பெற்றபோது அதன் ஒரே பெரிய வருமானம் தாமிரம். அந்தத் தாமிரம் கடலுக்குப் போன ரயில் பாதை ரொடீசியாவின் வழியே சென்றது. நிலக்கரியும் எண்ணெயும் அங்கிருந்தே வந்தன. ஓராண்டு கழித்து, 1965 நவம்பர் 11 அன்று, மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடே இருந்த வெள்ளையரின் சார்பில் ஸ்மித் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தார். தடை விதிக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கிய நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதனால் ஒரு மூட்டைச் சரக்குகூடக் குறையவில்லை. ஜாம்பியாவுக்கோ தன் வீட்டு வாசலைத் தானே அடைப்பதாக அது முடிந்தது.

1973 ஜனவரியில், கெரில்லாக்களுக்கு இடம் கொடுத்ததற்குத் தண்டனையாக, ஸ்மித் எல்லையை மூடினார். அடுத்த மாதமே மனம் மாறித் திறந்தார். இந்த இடத்தைத்தான் உங்களைப் போன்றவர்கள் வாசிக்காமல் தாண்டிவிடுகிறீர்கள்: ஸ்மித் திறந்த பிறகும் கவுண்டா திறக்கவில்லை. மூடியது மூடியதாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். 1975-இல் அங்கோலாவின் உள்நாட்டுப் போரால் மேற்கே பெங்குவேலா ரயில் பாதையும் நின்றுபோயிற்று. அதே ஆண்டு உலகச் சந்தையில் தாமிர விலை சரிந்தது. சீனா கட்டிக்கொடுத்த 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்றுதான் மிச்சம்; அதன் மறுமுனையில் இருந்த தார் எஸ் சலாம் துறைமுகத்திலோ சரக்கு இறக்க இடமில்லாமல் நெரிசல்.

என் சித்தப்பா அந்த ஆண்டுகளில் ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கப் பகுதியில் உள்ள கிட்வே நகரில் கணித ஆசிரியராக இருந்தார். நம் ஊர்ப் பட்டதாரிகள் பலர் அப்போது அந்த நாட்டுப் பள்ளிகளுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். சித்தி எழுதும் நீல நிற விமானத் தபால் கடிதங்களை அம்மா என்னைத்தான் உரக்கப் படிக்கச் சொல்வார். நலம் விசாரிப்பு முடிந்ததும் தட்டுப்பாட்டுப் பட்டியல் தொடங்கும். சமையல் எண்ணெய் கிடைக்கவில்லை. மக்காச்சோள மாவுக்கு வரிசை. சலவைச் சோப்பு கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினால் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. விடுமுறைக்கு வந்து திரும்பும் ஆசிரியர் யாரிடமாவது சோப்புக் கட்டிகளைக் கொடுத்தனுப்பும்படி ஒருமுறை கேட்டிருந்தார். அம்மா அவற்றைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டியது எனக்கு நினைவிருக்கிறது. சித்தப்பாவுக்குக் கடிதத்தின் ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். அதில் அவர் பெரும்பாலும் கவுண்டாவைத் திட்டியிருப்பார். ஊரான் வீட்டுச் சண்டைக்குத் தன் வீட்டு அடுப்பை அணைத்தவர் என்று அவர் ஒருமுறை எழுதியிருந்தார். சம்பளம் வாங்கப் போன வெளிநாட்டுக்காரர் அவர், அப்படித்தான் எழுதுவார். அவருடைய பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஊர் திரும்பும் டிக்கெட் கிடையாது என்பதை அவருடைய கடிதங்களில் நான் தேடிப் பார்த்தேன், ஓரிடத்திலும் இல்லை.

இப்போது நீங்கள் துரோகம் என்று சொல்லும் 1978-க்கு வருகிறேன். அந்த ஆண்டு வாங்கிய உரம் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தது. அங்கே மழை நவம்பரில் தொடங்கும். அதற்கு முன் உரம் வயலுக்கு வராவிட்டால் மக்காச்சோளம் விளையாது. விளையாவிட்டால் அடுத்த ஆண்டு பஞ்சம். அக்டோபர் மாதம் கவுண்டா தெற்கு ரயில் பாதையைத் திறந்தார். தோழமை நாடுகளான தான்சானியாவும் மொசாம்பிக்கும் அதை விரும்பவில்லை. ஆனால் கெரில்லா முகாம்களை அவர் மூடவில்லை. அதே அக்டோபர் 19 அன்று ரொடீசிய விமானங்கள் லுசாகாவை ஒட்டியிருந்த நிகோமோவின் படை முகாமைக் குண்டுவீசி அழித்தன. விமானி ஒருவர் லுசாகா விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை வானொலியில் அழைத்து, தங்களுக்கு ஜாம்பியாவுடன் பகையில்லை, ஆனால் ஜாம்பிய விமானங்கள் மேலெழுந்தால் சுட்டு வீழ்த்தப்படும் என்று எச்சரித்தார். ஒரு சுதந்திர நாட்டின் தலைநகரத்து வானத்தைப் பகை நாட்டு விமானப்படை தன் கையில் எடுத்துக்கொண்டு, குண்டு வீசி முடித்துத் திரும்பிச் சென்றது. எல்லையைத் திறந்தவருக்கு ஸ்மித் கொடுத்த வெகுமதி அதுதான். துரோகிக்கு இப்படி ஒரு வெகுமதி கிடைத்ததாக நீங்கள் வேறெங்காவது படித்திருக்கிறீர்களா?

வோர்ஸ்டர் சந்திப்பைப் பற்றி எழுதும்போதும் பாதியை விட்டுவிட்டீர்கள். 1975 ஆகஸ்டில் விக்டோரியா அருவிப் பாலத்தின் நடுவே ஒரு ரயில் பெட்டியை நிறுத்தினார்கள். எல்லைக்கோடு பெட்டியின் குறுக்கே போகும்படி அளந்து நிறுத்தியிருந்தார்கள். ஸ்மித்தின் குழு ரொடீசியப் பாதியில் அமர்ந்தது. தேசியத் தலைவர்கள் ஜாம்பியப் பாதியில் அமர்ந்தார்கள். நாட்டுக்கு வெளியே இருந்த தலைவர்கள் பேச்சுக்காக உள்ளே வந்தால் கைது செய்யப்பட மாட்டார்கள் என்ற உறுதியை ஸ்மித் தர மறுத்ததால் பேச்சு முறிந்தது. தோல்வி என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பேச்சுக்கு முன்னோட்டமாக வோர்ஸ்டரும் கவுண்டாவும் ஸ்மித்தை நெருக்கியதால்தான், பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்த முகாபேயும் நிகோமோவும் 1974-இன் இறுதியில் வெளியே வந்தார்கள். முகாபே 1975-இல் மொசாம்பிக்குக்குப் போய்ப் படையின் தலைமையைப் பற்ற முடிந்ததே அதனால்தான். நீங்கள் போற்றும் போரும் நீங்கள் வெறுக்கும் பேச்சும் இத்தனை நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன.

நடனப் புகைப்படத்துக்காக எரிச்சல்படுவதை நிறுத்துங்கள். 1979 ஆகஸ்டில் லுசாகாவுக்கு வந்த தாட்சர், கெரில்லா இயக்கங்களை ஒதுக்கிவிட்டு ஸ்மித் செய்த உள்நாட்டு ஏற்பாட்டின்படி நடந்த தேர்தலில் வென்ற ஆயர் முசோரேவாவின் அரசை அங்கீகரிக்கும் நோக்கத்தோடு இருந்தவர். மாநாட்டுக்கு முந்தைய நாள் நைஜீரியா தன் நாட்டிலிருந்த பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. கவுண்டா, தான்சானிய அதிபர் நைரேரே, ஆஸ்திரேலியப் பிரதமர் ஃபிரேசர், ஜமைக்காவின் மான்லி, காமன்வெல்த் பொதுச்செயலர் ராம்பால் ஆகியோர் பேசிப் பேசியே அவரை வழிக்குக் கொண்டுவந்தார்கள். முசோரேவாவின் அரசியலமைப்பு குறைபாடுடையது, பிரிட்டனே மாநாடு கூட்டித் தன் பொறுப்பில் புதிய தேர்தலை நடத்த வேண்டும் என்ற அறிக்கையில் அவரும் இணைந்தார். அதற்கு ஒரு நடனம் கூடுதல் விலை என்று நினைக்கிறீர்களா?

சரி, உங்கள் 'ஓராண்டு'. லங்காஸ்டர் மாளிகையில் 1979 செப்டம்பர் 10 முதல் டிசம்பர் 21 வரை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு பேச்சை நடத்திக்கொண்டிருந்தபோது ரொடீசியப் படை சும்மா இருக்கவில்லை. பேச்சு தொடங்கச் சில நாள் முன்புதான், செப்டம்பர் தொடக்கத்தில், மொசாம்பிக்கின் காசா மாகாணத்தில் பாலங்களைத் தகர்த்திருந்தது. அக்டோபரில் ஜாம்பியாவின் சம்பேஷி ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தது. சீனப் பாதை அதன் மீதுதான் சென்றது. ஜாம்பியாவுக்கு மிஞ்சியது எது? உரத்துக்காகத் திறந்த தெற்குப் பாதை. நவம்பர் தொடக்கத்தில் முசோரேவா அரசு அதன் வழியே வந்த மக்காச்சோளத்தையும் நிறுத்தியது. அந்த ஆண்டு ஜாம்பியாவில் விளைச்சல் போதவில்லை. கவுண்டா லண்டனுக்கே பறந்துபோய்த் தாட்சரைப் பார்த்தார். அவர் திரும்பிய பிறகும் பாலங்கள் விழுந்தன. அவர் நாட்டைப் போர்நிலைக்கு உட்படுத்தினார். மொசாம்பிக்கோ 1976 மார்ச்சில் எல்லையை மூடியதிலிருந்து, ரொடீசியப் படை தாக்கிய நியாட்ஸோனியா, சிமோயோ முகாம்களின் சாவுகளைப் பார்த்துவிட்ட நாடு. முகாபே பேச்சை முறித்துக்கொண்டு திரும்பினால் தங்க வீடு உண்டு, போருக்குத் தளம் கிடையாது என்ற பொருளில் மொசாம்பிக் அதிபர் மாஷெல் செய்தி அனுப்பினார். களத்தில் முகாபேயின் படையை நடத்திய டொங்கோகாராவும் உடன்பாட்டையே விரும்பினார்.

நீங்கள் கேட்கும் ஓராண்டில் ரொடீசியாவுக்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்பதை விடுங்கள். அந்த ஆண்டுக்கான மக்காச்சோளம் யார் வயலிலிருந்து வந்திருக்கும், எந்தப் பாலத்தின் வழியாக வந்திருக்கும் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். அண்டை நாடுகள் நெருக்கின என்று நீங்கள் எழுதியது உண்மை. பதினான்கு ஆண்டுகள் தங்கள் பாலங்களையும் தங்கள் மக்களையும் முன்னால் நிறுத்தியவர்கள் நெருக்கினார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு இருந்தது? பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் உங்களுக்கா?

கவுண்டாவைக் கோயிலில் வைக்கச் சொல்லவில்லை. 1972-இல் எதிர்க்கட்சிகளைத் தடைசெய்து ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தவர் அவர். 1975 மார்ச்சில், பின்னாளில் முகாபே தலைமையேற்ற ஜானு கட்சியின் தலைவர் ஹெர்பெர்ட் சிட்டெப்போ லுசாகாவில் கொல்லப்பட்ட பிறகு டொங்கோகாரா உள்ளிட்ட ஜானு தலைவர்களைச் சிறையில் அடைத்தார். அந்தக் கட்சியினர் அதை மறக்கவேயில்லை. இவற்றுக்காக அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளையருக்கு நூறு இடங்களில் இருபதை ஏழாண்டுகளுக்கு ஒதுக்கிய அந்த அரசியலமைப்பு, சொத்துரிமைப் பிரிவைப் பத்தாண்டுகளுக்கு எளிதில் மாற்ற முடியாதபடி பூட்டியது. விற்க விரும்புகிறவரிடம் விலை கொடுத்து வாங்கலாம் என்பதே நடைமுறையாயிற்று. அக்டோபரில் பேச்சு இதில்தான் முறியப் பார்த்தது. ராம்பால் அமெரிக்கத் தூதரை நாடினார். கார்ட்டர் அரசு உதவுவதாக வாய்மொழியாகச் சொன்னது. தனியொரு நாட்டால் தாங்க முடியாத செலவு இது என்று கூறிய கேரிங்டன் பிரிட்டனும் உதவும் என்றார். தொகை எவ்வளவு என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. 1997 நவம்பரில், நிலம் வாங்கும் செலவுக்குப் பிரிட்டனுக்குத் தனிப்பொறுப்பு எதுவும் இல்லை என்று பிரிட்டிஷ் அமைச்சர் கிளேர் ஷார்ட் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேக்குக் கடிதம் எழுதினார். 2000-இல் வெள்ளையரின் பண்ணைகள் பறிக்கப்பட்டன. அப்போது கவுண்டா, தேர்தலில் தோற்றுப் பதவியை ஒப்படைத்து ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன. இதில் உங்கள் கோபம் லண்டனையும் வாஷிங்டனையும் நோக்கிப் போவதுதான் முறை. அதற்குப் பிறகு, கிடைத்த நிலத்தையும் தன் ஆட்களுக்குப் பங்கிட்ட ஹராரேயை நோக்கி.

ஆய்வேட்டுக்கு இதை எடுப்பதாக இருந்தால் லங்காஸ்டர் மாளிகையிலிருந்து தொடங்க வேண்டாம். 1973 ஜனவரியிலிருந்து, ஜாம்பியாவின் சரக்குப் போக்குவரத்துக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். சித்தப்பாவின் கடிதங்களில் விலைவாசி வரும் பகுதிகளை நகலெடுத்து அனுப்புகிறேன். கவுண்டாவைத் திட்டும் ஓரங்களையும் வெட்டாமல் அனுப்புவேன், உங்களுக்குப் பிடிக்கும்.

அன்புடன்.