வீட்டுக்கல்வி பெறும் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிச் செல்வது எப்படி?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கிறோம். அருட்சகோதரிகள் நடத்தும் தொண்டு இல்லம் ஒன்றுக்கு அவர்களை ஒரு நாள் கூட்டிச் செல்ல விரும்புகிறோம். எப்படிப்பட்ட இல்லத்தைத் தெரிவு செய்வது? எந்த வயதில் கூட்டிச் செல்லலாம்? என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: எந்த நாளில் போனாலும் ஞாயிற்றுக்கிழமையில் போகாதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவையெல்லாம் இதற்கான விளக்கமே.

திருகோணமலை நகருக்குச் சற்று வெளியே அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றுக்கு நாங்கள் சென்று வருகிறோம். (பெயரை எழுதவில்லை, சகோதரிகள் அதை விரும்ப மாட்டார்கள்.) அங்கே சமையலறைக் கதவருகே ஒரு பெரிய நாட்காட்டி தொங்குகிறது. எந்த நாளில் யார் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அதில் பேனையால் எழுதியிருப்பார்கள்: பிறந்தநாள், திருமண நாள், 31ஆம் நாள் நினைவு, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் தாயின் ஆண்டு நினைவு. சனி, ஞாயிறுக் கட்டங்களில் எழுத இடமே இருக்காது; செவ்வாயும் புதனும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். நத்தார்க் காலத்திலும், 2021 முதல் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று திருச்சபை கொண்டாடிவரும் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் தினத்திலும் பாடகர் குழு, மறைக்கல்வி மாணவர், இளைஞர் ஒன்றியம் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து, முதியவர்களை வரிசையாக உட்கார வைத்துப் பாடிவிட்டுப் போகிறார்கள். பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கு வேறு நாள் வாய்க்காது என்பதால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வீட்டில் கற்கும் பிள்ளைகளிடம் செவ்வாய்க்கிழமைக் காலை இருக்கிறது. கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டுள்ள இந்த நாட்டில் வீட்டுக்கல்வியைப் பற்றி உறவினருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே களைத்துப்போன நாங்கள், அந்த வசதியையாவது நல்லதொன்றுக்குப் பயன்படுத்த வேண்டாமா?

இல்லத்தைத் தெரிவு செய்வதைப் பொறுத்தவரை, சிறுவர் இல்லத்தை விட முதியோர் இல்லமே பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை, பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புவது அந்த இல்லத்துப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை நாம் யோசிப்பதில்லை. அது தவிர, சிறுவர் இல்லங்கள் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் மேற்பார்வையில் இயங்குகின்றன. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது.

போகும் நாளில் நிகழ்ச்சி எதையும் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். “மதர், இன்றைக்கு என்ன வேலை இருக்கிறது?” என்று பொறுப்பான சகோதரியிடம் கேளுங்கள். எங்கள் மகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது முருங்கையிலை ஆய்வது. இரண்டு ஆச்சிமாருக்கு நடுவே சுளகை வைத்து உட்காருவாள். காம்பு கலந்துவிட்டால் ஒரு ஆச்சி எதுவும் சொல்லாமல் அவளுடைய குவியலைத் தன் பக்கம் இழுத்து, காம்புகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிடுவார். நான் வீட்டில் சொல்லித் திருத்த முடியாத அவசரப் புத்தியை அந்தச் சுளகு கொஞ்சம் திருத்தியிருக்கிறது.

மகனுடைய வேலை பத்திரிகை வாசிப்பது. ஆண்கள் பகுதியில் கண் தெரியாத ஐயா ஒருவர் இருக்கிறார். அவருக்கு முதலில் மரண அறிவித்தல் பக்கத்தை வாசிக்க வேண்டும், அரசியல் எல்லாம் பிறகுதான். “சாம்பல்தீவைப் பிறப்பிடமாகவும் கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட” என்று மகன் தொடங்கியதும் ஐயா கையை உயர்த்தி நிறுத்தி, இறந்தவரின் தகப்பன் பெயரைக் கேட்பார். பிறகு அந்தக் குடும்பம் எந்த ஒழுங்கையில் இருந்தது, எந்த ஆண்டு இடம்பெயர்ந்தது, யார் யாரைக் கட்டினார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினால் பத்திரிகை மடியிலேயே கிடக்கும். சூரிச், பாரிஸின் லா சப்பல், ஸ்காபரோ ஆகிய இடங்களை வீட்டுக்கு வந்து உலகப்படத்தில் தேடிப் பார்த்ததும், நம் மக்கள் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்று அவன் கேட்டதும் நான் திட்டமிட்ட பாடங்கள் அல்ல.

கத்தோலிக்க இல்லம் என்பதால் அங்கிருப்போர் எல்லோரும் கத்தோலிக்கர் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊரில் அது நடக்கக்கூடியதே அல்ல. சுவாமிப் படத்தின் முன் திருநீறு பூசிக்கொண்டு கோணேசர் கோயில் திருவிழா எப்போது என்று கேட்கும் ஆச்சியும், பாலையூற்றுப் பக்கத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்த, செபமாலையின் நடுவே போர்த்துக்கேயம் கலந்த தம் வீட்டுப் பேச்சுக்குத் தாவிவிடும் அன்ரியும் அருகருகே படுக்கிறார்கள். திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1624இல் கட்டியதைப் புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு, அந்த மொழியின் ஒரு துளி இன்னும் நம் ஊரில் உயிரோடிருப்பதைக் காதால் கேட்க முடிந்தது பெரிய பேறு. செபம் சொல்லும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். மற்றவர்களைச் சேரும்படி அழைப்பதில்லை. சகோதரிகளும் அழைப்பதில்லை.

போவதற்கு முன் வீட்டில் செய்யக்கூடிய ஆயத்தம் கொஞ்சம் உண்டு. எளியவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று இயேசு கூறும் மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை எல்லோரும் வாசிப்பார்கள், நாங்களும் வாசித்தோம். ஆனால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது புனித ஜேன் ஜுகனின் கதைதான். பிரான்சில் வேலைக்காரியாக இருந்த அவர், 1839இல் கண்பார்வையற்ற மூதாட்டி ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலை அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கொழும்பிலும் இல்லம் நடத்தும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. தொடங்கியவரையே பிற்பாடு ஒதுக்கி வைத்து, அவர்தான் தொடங்கினார் என்பது இளம் சகோதரிகளுக்கே தெரியாதபடி பல்லாண்டுகள் மறைத்துவிட்டார்கள். 1879இல் இறந்த அவருக்கு 2009இல்தான் புனிதர் பட்டம் கிடைத்தது. “அவர் ஏன் சண்டை பிடிக்கவில்லை?” என்று எங்கள் சின்னவன் கேட்டான். எனக்கும் அதே கேள்விதான்.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியிருப்பதை, நம்மைப் போன்ற குடும்பங்கள் வீட்டுக்கல்விக்கு ஆதரவாகவே மேற்கோள் காட்டுகிறோம். அந்தப் பொறுப்புக்குள் இதுவும் அடங்கும் என்றே நான் கொள்கிறேன். அதற்காக, “பார், உனக்கு எவ்வளவு வசதி இருக்கிறது” என்று பிள்ளைக்குக் காட்டுவதற்காக யாரையும் பார்க்கப் போகக் கூடாது. நம் பிள்ளையின் நன்றியுணர்வுக்குப் பாடப்பொருளாக இருப்பது எந்த முதியவரின் கடமையும் அல்ல.

இனி மிச்சக் கேள்விகள். வயதுக்குக் கட்டுப்பாடு தேவையில்லை, ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும். கட்டிப்பிடிக்கவோ முத்தமிடவோ எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். மூத்திர வாடைக்கு மூக்கைச் சுளித்தாலும் அங்கேயே ஏசாதீர்கள், அடுத்த முறை பழகிவிடும். இருமலோ தடிமனோ இருந்தால் அந்தக் கிழமை போக வேண்டாம். படம் எடுக்க வேண்டாம், முகநூலில் போடவே வேண்டாம். தொடர்ந்து போனால், ஒரு நாள் பழகிய ஒருவர் இறந்திருப்பார். பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் அடக்கத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள்.

கொண்டுபோகும் பொருள்களைப் பொறுத்தவரை, கேக்கும் இனிப்புப் பண்டங்களும் நீரிழிவுக்காரர் நிறைந்த இடத்தில் சகோதரிகளுக்குத் தலையிடியாகத்தான் முடியும். பெரியவர்களுக்கான பம்பர்ஸ், சவர்க்காரம், கட்டில் விரிப்பு, கிருமிநாசினி ஆகியவற்றுக்கு எப்போதும் தட்டுப்பாடு. எது அவசரம் என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். காலை ஒன்பது மணிக்குப் போய், பதினொன்றரைக்கு அவர்களுக்குச் சாப்பாடு பரிமாற உதவிவிட்டுக் கிளம்பினால் போதும். அதன் பிறகு அவர்கள் தூங்குவார்கள், சகோதரிகளுக்கும் சற்று இருக்க நேரம் கிடைக்கும்.