பதில்: ‘ஃப்ரைட் நைட்’ படத்தில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லையே?

வணக்கம். டாம் ஹாலண்ட் இயக்கி 1985இல் வெளிவந்த ‘ஃப்ரைட் நைட்’ படத்தை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டதாகவும், பயமும் சிரிப்பும் வராத படத்தை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிறுத்திய இடம்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் ஒரு ரத்தக்காட்டேரி என்று பள்ளி மாணவன் சொல்ல, யாருமே நம்பாத அந்தத் தொடக்கப் பகுதி மெதுவாகத்தான் நகர்கிறது.

படத்தின் உயிர், ராடி மெக்டவல் நடித்த பீட்டர் வின்சென்ட் பாத்திரத்தில் இருக்கிறது. முன்பு திரையில் காட்டேரிகளை வேட்டையாடியவர், பிறகு தொலைக்காட்சியில் பழைய திகில் படங்களை அறிமுகப்படுத்திப் பிழைத்தவர், இப்போது அந்த வேலையையும் இழந்து நிற்பவர். (திகில் நடிகர்களான பீட்டர் குஷிங், வின்சென்ட் பிரைஸ் ஆகியோரின் பெயர்களை இணைத்து வைத்த பெயர் அது.) பக்கத்து வீட்டுக்காரர் காட்டேரி இல்லை என்று காட்டப் பணத்துக்காகப் போலிச் சோதனை நடத்த வரும் அவர், தம் கைக்கண்ணாடியில் அந்த ஆளின் பிம்பம் விழாததை (கதை மரபில் அது காட்டேரியின் அடையாளம்) கண்டு வெலவெலத்துப் போகும்போது, நமது சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே பயம் வந்து சேர்ந்துவிடுகிறது. பின்னர் காட்டேரியை விரட்ட அவர் நீட்டும் சிலுவை பலிப்பதில்லை, ஏனெனில் அதை ஏந்தியவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. கோழைத்தனத்தை வைத்துச் செய்த நகைச்சுவை அங்கே கதையின் மையச் சிக்கலாகவே மாறிவிடுகிறது. ஓநாயாக உருமாறிய இளைஞன் சாகும்போது மெக்டவலின் முகத்தில் தெரியும் இரக்கம்தான், என் பார்வையில், படத்தின் உச்சம்.

காட்டேரியாக வரும் கிறிஸ் சரண்டன் ஒருபோதும் கேலிக்காக நடிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். கண்ணாடிக் காட்சி வரை பார்த்தும் பிடிக்கவில்லையென்றால், தயங்காமல் விட்டுவிடலாம்.