நம்ம பொம்மை ஏன் இடத்துக்கு இடம் வேறு ஆளாகத் தெரிகிறது? மாஸ்காட் கேள்வி பதில்

கம்பெனி மாஸ்காட், அதாவது கம்பெனியின் அடையாளப் பொம்மை பற்றிக் கேட்டிருந்தவர்கள் பெரும்பாலும் சிறு, நடுத்தரத் தொழில் செய்பவர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மசாலாப் பொடி தயாரிப்பவர், ஈரோடு): எங்கள் பாட்டி பொம்மை பாக்கெட்டில் ஒரு மாதிரி, ஃபிளெக்ஸில் ஒரு மாதிரி, டெலிவரி வண்டியில் வேறு யாரோ மாதிரி இருக்கிறார். எங்கிருந்து சரி செய்வது சார்?

பதில்: எதை மாற்றவே கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஐந்தாறு விஷயம் போதும். அதற்கு மேல் போனால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அமுல் சிறுமி 1966-லிருந்து வருகிறாள். ஒரு நாள் கிரிக்கெட், ஒரு நாள் சினிமா, ஒரு நாள் தேர்தல். எங்கே நின்றாலும் அந்த நீலத் தலைமுடியும் உருண்டைக் கண்ணும் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் பாட்டிக்குக் கொண்டை எவ்வளவு பெரிது, கண்ணாடி என்ன வடிவம், மூக்குத்தி எந்தப் பக்கம், புடவைக் கரை என்ன நிறம்? இதையெல்லாம் எழுதி, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் ஒரே தாளில் வரைந்து வாங்குங்கள். நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு. லேஅவுட்டுக்குப் பாட்டி அந்தப் பக்கம் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று டிசைனர் படத்தை அப்படியே மிர்ரர் செய்துவிடுவார். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும். உங்கள் பொருளை வாங்கும் பெண்கள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பக்கம் பார்க்கும் பாட்டியைத் தனியாக வரைந்தே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படமும் உங்கள் ஆபீஸில் ஒருவர் பார்த்து சரி சொன்ன பிறகே வெளியே போகட்டும்.

கேள்வி (ஜவுளிக்கடை மேலாளர், மதுரை): எங்கள் மஞ்சள் நிறம் பேனரில் மங்கிப்போய் வருகிறது. பிரிண்டர் மேல்தான் தப்பா?

பதில்: அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மொபைலில் பளீரென்று தெரிவது நான்கு மை கலந்த அச்சில் அப்படியே வராது. திரைக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) எண், அச்சுக்கு சிஎம்ஒய்கே (அந்த நான்கு மைக் கலவை) எண் என்று தனித்தனியாகக் கொடுங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் ஃபைல் கொடுங்கள். கோரல் ட்ரா என்ற டிசைன் மென்பொருளில் திறக்கிற மாதிரி இருந்தால் நம் ஊர் அச்சகங்களில் பாதித் தொல்லை தீரும். சுவர் விளம்பரம் எழுதும் ஓவியருக்கு இந்த எண்கள் உதவாது. பெயின்ட் ஷேடு கார்டில் நெருங்கிய நிறத்தைக் குறித்துக் கொடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் டிபி-யில் முழு உருவம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தலை மட்டும்.

கேள்வி (டயர் கடைக்காரர், நாமக்கல்): பொம்மை பழசாகிவிட்டது, மாற்றலாம் என்கிறான் மகன்.

பதில்: உங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. மிஷ்லின் டயர் மனிதர் 1898-ல் பிறந்தவர். ஆரம்பகாலப் போஸ்டரில் வாயில் சுருட்டு, கையில் ஆணியும் உடைந்த கண்ணாடியும் நிரம்பிய கோப்பை. எங்கள் டயர் எதையும் விழுங்கிவிடும் என்ற பெருமை. இப்போது சுருட்டு போய்விட்டது, உடம்பும் இளைத்துவிட்டது. அன்று வெளிர் நிறத்தில் இருந்த டயரே கறுப்பாகிவிட்டது, அவர் மட்டும் இன்னும் வெள்ளைதான். உங்கள் மகனும் கோடுகளைத் திருத்தட்டும், ஆளை மாற்ற வேண்டாம். ஆனால் கம்பெனியின் போக்கே மாறினால் ஓய்வு கொடுப்பதும் தப்பில்லை. ஏசியன் பெயின்ட்ஸுக்காக ஆர்.கே. லக்ஷ்மண் 1954-ல் வரைந்த ‘கட்டு’ என்ற பையன் பல பத்தாண்டுகள் பிரஷ்ஷோடு நின்றான், பிறகு கம்பெனி அவனை விட்டுவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கேள்வி (பேக்கரி, தஞ்சாவூர்): பண்டிகைக்குப் பண்டிகை வேடம் போடலாமா?

பதில்: தாராளமாக. 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடின் ‘தம்பி’ குதிரை வேட்டி சட்டையில்தானே வணக்கம் சொன்னது! சாமி வேடமும் கட்சித் துண்டும் மட்டும் வேண்டாம். அஞ்சலிப் பதிவில் பொம்மையே வரக்கூடாது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் காட்டிச் சிரிக்கும் பொம்மையைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெளியாளிடம் பணம் கொடுத்து வரைந்தேன். எனக்குத்தானே சொந்தம்?

பதில்: பில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் கால அளவு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். துபாய், சிங்கப்பூர் என்று அனுப்பும் எண்ணம் இருந்தால் வக்கீலை வைத்து எழுதுங்கள். பொம்மையை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்யலாம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: ஏஐ-யில் போஸ்டர் செய்தால் ஒவ்வொரு தடவையும் முகம் மாறுகிறதே?

பதில்: பின்னணியை மட்டும் ஏஐ செய்யட்டும். பொம்மையை உங்கள் மாஸ்டர் ஃபைலில் (நீங்கள் சரி சொல்லி வைத்திருக்கும் மூலப் படத்தில்) இருந்து எடுத்து மேலே வையுங்கள்.

கேள்வி (சூப்பர் மார்க்கெட், சென்னை): திறப்பு விழாவுக்கு மாஸ்காட் உடையில் ஆள் நிறுத்துகிறோம். விதிமுறை உண்டா?

பதில்: உள்ளே இருப்பவர் பேசக்கூடாது, குழந்தைகள் முன்னால் தலையைக் கழற்றக்கூடாது, ஒரே இடத்தில் அதே உடையில் இரண்டு பேர் நிற்கக்கூடாது. (2009-ல் வந்த வோடஃபோன் விளம்பரத்தின் ஜூஜூ என்ற வெள்ளைப் பொம்மைகளை அனிமேஷன் என்றே பலர் நம்பினார்கள். உள்ளே இருந்தது மனிதர்கள்.) ஆனால் முதல் விதி வெயில். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவரை ஏசி அறைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுங்கள். அந்த உடையில் கீழே பார்க்க முடியாது, அதனால் படியில் கைபிடித்து நடத்த ஒரு ஆள் கூடவே இருக்கட்டும். விழா முடிந்ததும் உடையை மூட்டை கட்டாமல் காற்றில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை அதைப் போட்டுக்கொள்ள ஆள் கிடைக்க மாட்டார்கள்.